கயிறு யார் கையில்?

1870-ல் உருவான நம்ம கப்பன் பார்க்கில் 2022-ல் நாய்களுக்குத் தடை வரப் பார்த்தது. கயிறில்லாமல் விடுகிறார்கள், கழிவை அள்ளுவதில்லை என்று புகார். நாய் வளர்ப்பவர்கள் எதிர்க்க, தடை நின்றது. தப்பு நாய் மேல் இல்லையே!

சட்டமும் ஆளைத்தான் பிடிக்கிறது. வளர்க்கும் பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1860 இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 289. அபராத உச்சவரம்பு ரூ.1000. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 291-ல் ரூ.5000.

பேங்க்காரன் கணக்கில் சொல்கிறேன்: அன்றைய ஆயிரம் பெரிய சொத்து, இன்றைய ஐயாயிரம் ஒரு மூட்டை நாய்த்தீனி. அபராதத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை.

ஊர்விட்டு ஊர் வந்து அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்டால் வாங்கிக் கொடுங்கள். கூப்பிட்டால் வரப் பழக்குங்கள். கயிறோடு, கழிவள்ள ஒரு பையும் கையில் இருக்கட்டும். லிஃப்டில் பயப்படுவது பக்கத்து வீட்டுக் குழந்தைங்க!