பிழையும் உரிமையும்

அரபு யாப்பைக் கற்பிக்குங்கால் மாணாக்கர்க்கு நாம் கூறுவதொன்றுண்டு: செய்யுளின் தேவை கருதிக் கவிஞன் இலக்கணத்தை மீறலாம், இலக்கணம் அறியாதான் மீறினால் அது பிழையே. புகைப்படக் கலைக்கும் இஃது ஒக்கும்.

1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரூன் அம்மையார், இங்கிலாந்தில் 1863இல், தம் 48ஆம் வயதில், மகள் அன்பளித்த கேமராவைக் கொண்டு இக்கலையைப் பயிலத் தொடங்கினார். கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துத் துலக்க வேண்டிய காலமது. முதற்படத்தை அவர் கையே தேய்த்து அழித்துவிட்டது.

உருவம் துல்லியமாய் விழவேண்டுமென்பது அன்றைய விதி. அவர் படங்களோ மங்கலாயிருந்தன. முதலில் அது தற்செயலே. பின்னர், லென்ஸைத் திருகுகையில் அழகு தோன்றிய இடத்திலேயே அறிந்து நிறுத்தினார். புகைப்பட இதழ்கள் பழித்தன, அவர் மாறவில்லை. 1867இல் அவர் எடுத்த வானியலறிஞர் ஜான் ஹெர்ஷலின் படம் இன்றும் போற்றப்படுகிறது.

1875இல் இலங்கையில் குடியேறி, 1879இல் அங்கேயே மறைந்தார். தொடக்கத்தில் பிழையாயிருந்தது பயிற்சியால் உரிமையாயிற்று. நம் பிள்ளைகளின் முதற்பிழையைக் கண்டு முகஞ்சுளிக்குமுன் இதனை நினைவோமாக.