புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதிய பரீட்சை

பாடத்திட்டத்தை மாற்றப்போகிறோம் என்று யார் சொன்னாலும், "பரீட்சையும் மாறுமா?" என்றுதான் முதலில் கேட்பேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியே தலை நரைத்தவன் வேறென்ன கேட்பான்?

மாற்றிக் காட்டிய ஊர் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில், நர்மதைக் கரையிலுள்ள ஹோஷங்காபாத். இப்போது நர்மதாபுரம். 1972இல் அந்த மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடத்தை மாற்றும் திட்டம் தொடங்கியது. தொடங்கியவை கிஷோர் பாரதி என்ற அமைப்பும், ரசூலியாவில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் அமைத்த கிராமிய மையமும். டாடா ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டுவிட்டு வந்த அனில் சத்கோபால் முன்னின்றார். டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள்.

அங்கே ஆசிரியர் செய்து காட்ட, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும் வழக்கம் இல்லை. நாலு நாலு பேராக உட்கார்ந்து அவர்களே சோதனை செய்ய வேண்டும். வயலுக்குப் போய்ச் செடிகளை வேரோடு பிடுங்கி வருவார்கள். இலை நரம்பு இணையாக ஓடினால் சல்லிவேர், வலைபோலப் பின்னினால் ஆணிவேர் என்பதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். 'பால வைஞானிக்' பாடநூல் கேள்வியை மட்டும் கேட்கும், விடை சொல்லாது.

1978இல் அங்கே வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு ட்யூபை நறுக்கித் தீக்குச்சிகளைச் செருகினார். சதுரம் தொட்டால் சாய்ந்தது, முக்கோணம் அசையவில்லை. பாலங்களில் ஏன் முக்கோணம் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் எதற்கு? (என் பள்ளியில் சோதனைச் சாமான்கள் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன.)

பரீட்சையில் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. இதுவரை பார்த்திராத இலையைக் கையில் கொடுத்து, இதன் வேர் எப்படியிருக்கும் என்று கேட்டால், புத்தகம் திறந்திருந்து என்ன, மூடியிருந்து என்ன? கேள்வித்தாள் தயாரிப்பவருக்குத்தான் கஷ்டம்.

1978இலேயே திட்டம் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்றது. ஆனால் எல்லாம் ஆறிலிருந்து எட்டு வரைதான்; ஒன்பதில் பழைய மனப்பாடம். பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்பது எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எந்தப் பரீட்சையில் பின்தங்கினார்கள் என்று யாராவது கேட்டிருக்கலாம். 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது.