ஒன்றுகளை எண்ணியவர்கள்

'கம்ப்யூட்டர்காரங்க விவகாரம் நமக்கெதுக்கு?' என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு கண்டுபிடிப்பு யார் பேரில் நிலைக்கிறது, எதனால் நிலைக்கிறது என்பது நம் விவகாரமும்தான்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு முழு எண் 0, 1 என்ற பிட்டுகளின் வரிசையாகவே இருக்கிறது. அதில் எத்தனை 1 உள்ளது என்று எண்ண வேண்டும். சாதாரண வழி, வாசலில் நின்று தலை எண்ணுவதுதான்: கடைசி பிட்டைப் பார்; 1 என்றால் கணக்கில் சேர்; வரிசையை வலப்பக்கம் ஓரிடம் தள்ளு. 72 என்பது இரும எண்ணில் 1001000. இருக்கிறதே ரெண்டு ஒண்ணு. அதுக்கு ஏழு தடவை நடக்கணும்.

இன்னொரு வழி உண்டு. 72-இல் ஒன்றைக் கழித்தால் 71, அதாவது 1000111. வலக்கோடியில் இருந்த 1 பூஜ்யமாகி, அதற்கு வலப்பக்கப் பூஜ்யங்கள் 1 ஆகிவிட்டன. இடப்பக்கம் எதுவும் மாறவில்லை. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து, இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 போட்டால் 1000000. வலக்கோடி 1 போயிற்று. மறுபடி செய்தால் மிச்சம் பூஜ்யம். எத்தனை 1 உண்டோ அத்தனை சுற்றுதான்.

இதற்குப் புரோகிராமர்கள் வைத்திருக்கும் பெயர் 'கெர்னிகன் முறை'. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் சி மொழி பற்றி எழுதிய நூலின் இரண்டாம் பதிப்பில் (1988) இது வெறும் பயிற்சி 2-9. கூட எழுதிய ரிட்சியின் பெயர்கூட இதில் ஒட்டவில்லை என்பது வேடிக்கை.

ஆனால் 1960-லேயே ஏ.சி.எம். சங்கத்தின் 'கம்யூனிகேஷன்ஸ்' இதழில், 322-ஆம் பக்கத்தில், பீட்டர் வெக்னர் இதை எழுதிவிட்டார். டெரிக் லெமர் தனியாகக் கண்டுபிடித்தது 1964-இல் ஒரு தொகைநூலில் அச்சானது. (1949-50-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களிடம் கேட்ட விசுவாசப் பிரமாணத்தை எதிர்த்தவர்களில் இந்த லெமரும் ஒருவர்.) 2006-இல் டொனால்ட் கனூத் இவ்விருவரையும் சுட்டிக்காட்டினார். பெயர் மாறவில்லை.

இதில் சதி தேட வேண்டியதில்லை. யாரும் எதையும் திருடவில்லை. இதழின் ஒரு பக்கம் நூலக அலமாரிக்குப் போயிற்று. பாடநூல் மாணவர் கைக்குப் போயிற்று. சொல்லிக்கொடுத்தவர் பெயரே கண்டவர் பெயராகிவிட்டது.

கனூத் சொன்னதும் 'முதலில் வெளியானது' என்றுதான். 1951-இல் வந்த ஃபெரான்டி மார்க் 1 கம்ப்யூட்டரில், ஒன்றுகளை எண்ணித் தர ஒரு தனிக் கட்டளையே இருந்தது. அப்போதே இந்தக் கணக்கு தேவைப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டளை இல்லாத இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவர்களில் யாரோ கழித்துப் பார்த்திருக்கலாம். அச்சேறாத அவர்களுக்கு 322-ஆம் பக்கமும் கிடையாது.