கில்லட்டினுக்குத் தப்பிய 360!

1793, ஜனவரி 21. பாரீஸ் நகரச் சதுக்கத்தில், பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, பதினாறாம் லூயி மன்னரின் தலை கில்லட்டினில் துண்டானது. ராஜா போயாச்சு. ராஜா காலத்துச் சமாச்சாரங்கள் மட்டும் எதற்கு? புரட்சிக்காரர்கள் ஒழித்துக்கட்ட வேண்டியவற்றுக்குப் பெரிய பட்டியலே வைத்திருந்தார்கள். மாதங்களின் பெயர்கள், ஏழு நாள் வாரம், ஊருக்கு ஊர் மாறிய எடைக்கற்கள்... இவற்றோடு ஓர் அப்பாவியும் மாட்டிக்கொண்டது. வட்டத்துக்கு 360 டிகிரி என்கிற கணக்கு!

பாவம், அது யாருக்கு என்ன கெடுதல் செய்தது? அறுபது அறுபதாக எண்ணிப் பழகிய பாபிலோனியர்களிடமிருந்து கிரேக்கர்களுக்குப் போன பழக்கம் அது. நம் ஆரியபட்டர் கி.பி. 499-ல் சைன் அட்டவணை தந்தபோதும் வட்டம் 360 பாகைதான். ஆனால், புரட்சிக்காரர்களுக்குப் பிடித்த எண் பத்து. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், மணிக்கு நூறு நிமிடம் என்று கடிகாரத்தையே மாற்றியவர்கள், கோணத்தைச் சும்மா விடுவார்களா? செங்கோணம் இனி 90 இல்லை, 100. முழு வட்டம் 400. புது அளவுக்குப் பெயர் 'கிராட்'.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையிலான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று 1791-லேயே முடிவாகியிருந்தது. ஆக, அந்தக் கால்வட்டம் 10,000 கிலோமீட்டர். அதையே 100 கிராட் என்று பிரித்தால்? ஒரு கிராட் 100 கிலோமீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு, ஒரே ஒரு கிலோமீட்டர். கோணத்தைப் பார்த்தாலே தூரம் தெரிந்துவிடும்! பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே... அவ்வளவு கச்சிதமான எண் இயற்கையின் அதிசயம் அல்ல, இந்த ஏற்பாட்டின் விளைவு.

ஆனால் ஒரு சிக்கல். கால்குலேட்டர் இல்லாத காலம். நிலம் அளப்பவரும் மாலுமியும் ஒரு கோணத்தின் சைன் மதிப்பு வேண்டுமென்றால் அட்டவணைப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். இருந்த புத்தகங்களோ 90 டிகிரிக் கணக்கில். எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும்!

பொறுப்பு காஸ்பார் த பிரோனி என்ற பொறியாளரிடம் வந்தது. ஒரு குண்டூசி செய்யும் வேலையைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் உற்பத்தி எகிறும் என்று ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதியிருந்தார். பிரோனி அதைக் கணக்குக்குக் கொண்டுவந்தார். மேல்மட்டத்தில் சில கணித மேதைகள், சூத்திரம் தேர்ந்தெடுக்க. நடுவில் சிலர், அதை எண்களாக்கிப் படிவம் தயாரிக்க. அடிமட்டத்தில் 60, 70 பேர். இவர்களுக்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். அவர்களில் பலர் யார் தெரியுமா? வேலையிழந்த சிகை அலங்காரக்காரர்கள் என்கிறார்கள். பிரபுக்களின் தலையே போய்விட்ட பிறகு, அலங்காரத்துக்கு யார் வருவார்கள்?

சில வருட உழைப்பு. 17 பெரிய தொகுதிகளாகக் கையெழுத்துப் பிரதி தயார். அது முழுசாக அச்சேறவே இல்லை! அரசிடம் பணம் இல்லை. அதற்குள் ஆர்வமும் வடிந்துவிட்டது. பத்து மணிக் கடிகாரத்தை 1795-லேயே கைவிட்டார்கள். பழைய 24 மணி நேரம் திரும்பியதும், மணிக்கு 15 டிகிரி சுழலும் பூமி, கிராட் கணக்கில் 16.666... என்று இழுத்தது. சமபக்க முக்கோணத்தின் அழகான 60 டிகிரியோ 66.666... கிராட் ஆகிவிட்டது. 360-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 24. 400-க்கு 15தான். அதிலும் மூன்று கிடையாது.

மீட்டர் மட்டும் எப்படி ஜெயித்தது? அதுவும் சுலபத்தில் அல்ல, 1840-ல்தான் பிரான்ஸில் நிரந்தரமாகக் கட்டாயமானது. ஆனாலும் ஜெயித்தது. காரணம், ஊருக்கு ஓர் அளவுகோலால் சாதாரண ஜனங்கள் தினம் தினம் ஏமாந்துகொண்டிருந்தார்கள். அங்கே வலி இருந்தது, மருந்தை விழுங்கினார்கள். 360 டிகிரியால் யாரும் ஏமாறவில்லை. பாரீஸிலும் லண்டனிலும் அது ஒன்றேதான். வலிக்காத இடத்துக்கு வைத்தியம் பார்த்தால் யார் காசு கொடுப்பார்கள்?

அந்த உழைப்பு வீணா? 1819-ல் பாரீஸ் வந்த சார்லஸ் பாபேஜ் என்ற இங்கிலாந்துக்காரர் பிரோனியின் அட்டவணைகளைப் பற்றித் தெரிந்துகொண்டு அசந்துபோனார். வெறும் கூட்டல், கழித்தல்தானே... அதை ஓர் இயந்திரமே செய்யக்கூடாதா? 1822-ல் ஒரு சிறிய மாதிரியைச் செய்தே காட்டினார். கம்ப்யூட்டரின் கதை அங்கே வேகம் பிடித்தது.

கிராட்டும் முழுசாகச் சாகவில்லை. ஐரோப்பாவில் நிலம் அளப்பவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் சயின்டிஃபிக் கால்குலேட்டரில் டிகிரி, ரேடியன் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். அதற்கு மாற்றி, சைன் 100 தட்டிப் பாருங்கள். சுத்தமாக 1 என்று விடை வரும். பாரீஸின் சிகை அலங்காரக்காரர்கள் போட்ட கணக்கு!