திரை மறைத்தது, கம்பி மறைக்கவில்லை

ஏற்காட்டிலிருந்து சேலத்து நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுகிறீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அது கீழே இறங்குவதற்குள், கையில் எடுப்பவர் எவரும் அதைப் படித்துவிடலாம் அல்லவா? தொலைவிலுள்ள கணிப்பொறியை இருந்த இடத்திலிருந்தே இயக்க உதவும் ‘டெல்நெட்’ நெறிமுறையும் இத்தகையதே.

1969-இல் அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் தோன்றிய இதன் விதிகள் 1983-இல் நிலைபெற்றன. அன்று வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள்; பூட்டு எதற்கு என்று எண்ணினார்கள் போலும்! கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றும் தோன்றாது. ஆனால் மறைப்பது திரை மட்டுமே. கம்பியிலோ ஒவ்வோர் எழுத்தும், தட்டியவுடன், பெரும்பாலும் தனித்தனிப் பொட்டலமாக, உள்ளது உள்ளபடியே செல்கிறது. இதைச் சோதிப்பது எளிது. ஆய்வகத்தில் நமக்கே உரிய இரு கணிப்பொறிகளை இணைத்து, இடையே ஓடும் பொட்டலங்களைப் பதிவு செய்யுங்கள். எழுத்துகளைக் கோத்தால் கடவுச்சொல் கைக்கு வந்துவிடும். (பிறர் வலையில் இதைச் செய்வது குற்றம்.)

ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இவ்வாறே கடவுச்சொற்கள் களவு போயின. அங்கிருந்த தாத்து யுலோனென் 1995-இல், செய்தியைக் குறியீடாக மாற்றி அனுப்பும் ‘எஸ்.எஸ்.எச்.’ நெறிமுறையை வகுத்தார். நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்ததும் அதே ஆண்டு ஆகஸ்டு 15-இல்தான்.

ஆயினும் டெல்நெட் ஒழியவில்லை. 2016-இல் ‘மிராய்’ என்னும் தீநிரலுக்கு ஒட்டுக்கேட்கும் வேலைகூட இருக்கவில்லை. முகவரி எண்களைக் குருட்டாம்போக்கில் பொறுக்கி, டெல்நெட் வாயில் திறந்திருந்த கேமராக்களில், தொழிற்சாலையிலேயே இட்டு எவரும் மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை முயன்று பார்த்தது. அதன் பட்டியலில் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட இணைகளே இருந்தன. நியூயார்க் கடைவீதிக் கேமராவும் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்துக் கேமராவும் அதற்கு ஒன்றுதான்.