தடை வளர்த்த தொழிற்றிறன்

கல்முனைக் கடற்கரையில் ஓடும் கெப் வண்டிக்கு உப்புக் காற்றே முதற்பகை. சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களில் மீனும் நெல்லும் நெசவுத் துணியும் சுமக்கும் வண்டிகளின் அடிச்சட்டகத்தை அது மெல்ல அரித்துவிடும். புதிய வண்டி வாங்குதலோ எளிதன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2020 மார்ச்சில் மீண்டும் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே திறந்தது. ஆகவே, பழையதைப் பிரித்துப் புதுக்குதல் இலங்கையில் வேரூன்றிய தொழிலாயிற்று.

தடை தொழிற்றிறனை வளர்ப்பது பிறநாடுகளிலும் நிகழ்ந்ததே. கலிபோர்னியாவில் மெக்சிக்க வழிவந்த இளைஞர் தம் வண்டிகளைத் தரையோடு தாழ்த்தி அழகு பார்த்தனர். வண்டியின் உடல் சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கலாகாதென 1958இல் அங்கே சட்டம் வந்தது. மறு ஆண்டே ரொன் அகீரே என்பவர், விமானத்துக்குரிய எண்ணெயழுத்தக் கருவிகளைத் தமது கோர்வெட் காரிற் பொருத்தி, வேண்டியவாறு உயர்த்தவும் தாழ்த்தவும் வழிகண்டார்.

எண்ணெயின் வேலையைக் காற்றும் செய்யும். 1957இல் காடிலாக் எல்டோராடோ புரூம் கார் காற்று வில்லுடன் வெளிவந்தது. அது பழுதுபட்டதனாற் பலர் சுருள்வில்லுக்கே திரும்பினர். உறுதியான இறப்பர்ப் பைகள் வந்தபின்னரே, தாழ்த்திய கெப் வண்டிகளில் அம்முறை பரவியது. பையிற் காற்று நிரம்ப வண்டி எழும். காற்று வெளியேறத் தாழும்.

ஆயினும், தாழ்த்தும்போது அச்சு மேலெழ இடம் வேண்டிச் சட்டகத்தை வெட்டி உயர்த்தி ஒட்ட நேரிடும். துருவின்மேல் இட்ட ஒட்டு சுமை தாங்காது. நடுவீதியில் உயிருக்கே உலை வைக்கும். ஆதலின், புதுக்குவோன் முதலிற் காணவேண்டியது வண்டியின் அழகையன்று, அதன் அடியிலுள்ள இரும்பையே.