வாசலுக்குச் சிவப்பு கொடுத்த மண்

இந்தச் சித்திரையில் மகள் வீட்டுப் பிள்ளைங்க ரெண்டும் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தாங்க. பெரியவளுக்கு ஒன்பது வயசு, சின்னவனுக்கு ஆறு. வந்த மறுநாளே, "தாத்தா, ரோட்டுல படம் வரையணும், பெயிண்ட் வாங்கிக் குடு"ன்னு நச்சரிப்பு. எங்க தெரு சிமெண்ட் ரோடாகி வருஷம் பல ஆச்சு. பிள்ளைங்க கண்ணுக்கு அது பெரிய சிலேட்டு. "கடைக்கு எதுக்கு? நாமளே செய்யலாம் வாங்க"ன்னேன்.

வெள்ளைக்குப் பச்சரிசியை ஊற வச்சு அரைச்சோம். கறுப்புக்குக் கொட்டாங்குச்சிக் கரி. மஞ்சளுக்கு மஞ்சத்தூள். அதுல பாதியை எடுத்து நான் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்ததும் ரத்தச் சிவப்பா மாறிடுச்சு. ஆரத்தித் தட்டுல நாம பார்க்கிறதுதான், ஆனா பிள்ளைங்களுக்கு வாய் மூடலை. (சுண்ணாம்பைப் பிள்ளைங்க கையில கொடுத்துடாதீங்க, கண்ணுல பட்டா ஆபத்து.) எல்லாத்துக்கும் ஒட்டுப் பிடிக்க, சோறு வடிச்ச கஞ்சி.

காவிக்குத்தான் வேலை அதிகம். செம்மண்ணைப் பொடிச்சு வாளித் தண்ணியில கலக்கணும். மணல் அடியில தங்கினதும், மேலே நிக்கிற செந்தண்ணியை மட்டும் வேற சட்டியில ஊத்தணும். ராத்திரி முழுக்க ஆடாம வச்சா, காலையில மேலே தெளிஞ்ச தண்ணி, அடியில தயிர் மாதிரி காவி. இது எங்க அம்மா பொங்கலுக்குப் பொங்கல் செஞ்ச வேலை. வாசல்ல மாக்கோலம் போட்டு, அதைச் சுத்திக் காவிக் கரை கட்டுவாங்க.

இந்தச் சிவப்பு எங்க அம்மா காலத்தோடது மட்டும் இல்லை. எங்க விழுப்புரம் மாவட்டத்துல கீழ்வாலைன்னு ஒரு ஊர். அங்க பாறையில பழங்கால மனுஷங்க வரைஞ்ச உருவங்கள் செங்காவியிலதான் இருக்கு. புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசல் குகையில 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குளம் ஓவியம் இருக்கே, அதுலயும் காவி மண், சுண்ணாம்பு வெள்ளை, கரிக் கறுப்பு உண்டு. செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கிறது இரும்புத் துரு. ஏற்கெனவே துருப்பிடிச்சதை வெயில் என்ன செய்யும்? மஞ்சக் காவிக்கல் ஒண்ணை அடுப்புத் தணல்ல போட்டுக் காட்டினேன். அதுவும் சிவந்துடுச்சு. அந்தப் பாறையில வரைஞ்சவங்க காலத்து வித்தைதான் இதுவும்.

பேத்தி வானத்துக்கு நீலம் கேட்டா. அங்கதான் மாட்டிக்கிட்டேன். நீலத்துக்குப் பேர்போன சீமைதான் எங்களோடது. பழைய தென்னார்க்காடு ஜில்லாவுல அவுரி போட்டு, தழையைத் தொட்டியில ஊற வச்சு, தண்ணியை அடிச்சுக் கலக்கி, அடியில தங்கின சாயத்தைக் கட்டியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பினாங்க. 1897ல ஜெர்மனிக் கம்பெனி ஒண்ணு ரசாயன நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுக்கப்புறம் அவுரிக்கு விலை விழுந்துபோச்சு. திண்டிவனம் பக்கம் இன்னமும் கொஞ்சம் பேர் அவுரி போடுறாங்க. எங்க வீட்டுல இருந்தது துணிக்குப் போடுற சொட்டு நீலம்தான். அதைத்தான் மாவுல கலந்து கொடுத்தேன்.

தெருவுல ஒரு யானை, ஒரு பஸ், ரெண்டு தென்னை மரம் வந்துச்சு. அரிசி மாவை அன்னிக்கே எறும்பு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. மஞ்சள் ரெண்டு நாள் வெயில்ல வெளுத்துப்போச்சு. காவி யானை மட்டும் அப்படியே நின்னுச்சு.

அதைப் பார்த்துட்டுப் பேத்தி, "இன்னும் நிறையச் செம்மண் எடுத்துட்டு வரலாம் தாத்தா"ன்னா. அம்மா என்னைக் கூட்டிட்டுப் போய் மண் எடுத்த மேடு ஏரிக்கரைக்குப் பக்கத்துல இருந்துச்சு. வீட்டுக்கு ஒரு கூடை, வருஷத்துக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். இப்ப அங்க மேடு இல்லை, ஆளை முழுங்குற பள்ளம்தான் இருக்கு. லாரி லாரியாப் போயிடுச்சு. இந்தத் தடவை எங்க கொல்லை வரப்புல சுரண்டித்தான் எடுத்தேன்.

"அந்த மண்ணெல்லாம் எங்க போச்சு?"

"உங்க ஊருக்குத்தான்மா. வீட்டுக்கு அடியில, ரோட்டுக்கு அடியில."

அவகிட்ட சொல்லாத ஒண்ணை இங்க சொல்றேன். அவ அம்மா கல்யாணத்துக்குப் பணம் பத்தலை. "மேட்டை வெட்டிக் கொல்லையைச் சமன் பண்ணித் தர்றோம், காசும் தர்றோம்"னு வந்தவங்ககிட்ட நானும் ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். மூணு நாள்ல மேல்மண் போயிடுச்சு. அந்தப் பக்கம் இன்னிக்கும் மல்லாட்டை சரியாப் பிடிக்கிறதில்லை. எருவும் ஏரி வண்டலும் கொட்டிக்கிட்டே இருக்கேன். எத்தனை வருஷம் கொட்டினாலும் அந்தச் சிவப்பு திரும்பாது.

மிச்சக் காவியைக் காய வச்சு, உருண்டை பிடிச்சு, பேத்தி பையில போட்டு அனுப்பினேன். அவங்க ஃப்ளாட் வாசல்ல வரையட்டும். மண் அவங்க ஊருக்குப் போறது புதுசு இல்லை. இந்தத் தடவை அது எந்த மண்ணுன்னு தெரிஞ்சு போகுது.